அங்காயி ஊதிய புற்று

இலுப்பைக் காட்டின் நடுவே மூன்று குகைகள் கொண்ட பெரிய பாறை ஒன்று இருந்தது. முதல் குகையில் சடையன் என்ற கரடி கள்ளுக்கடை நடத்திவந்தான். நடுக் குகை சன்னாசி என்ற நரியுடையது. கடைசிக் குகை கோணையன் என்ற கழுதைப்புலியுடையது. மூன்று கடையிலும் இலுப்பைப் பூவைப் புளிக்கவைத்த கள்தான் சரக்கு. சாயங்காலம் ஆனால் காடே அங்கேதான் கிடக்கும்.

கள் மட்டும் போதுமா? போதாதே! ஒவ்வொரு குகைக்குள்ளும் ஒரு கணப்பு எரிந்துகொண்டே இருக்கும். குடிக்க வரும் மிருகங்கள் காட்டுப் புகையிலையைச் சுருட்டி, அதில் பற்றவைத்து, குப்குப்பென்று ஊதித் தள்ளும். அந்தப் புகை வெளியே போய்விடக் கூடாது என்று கடைக்காரர்கள் குகை வாயைப் பாதி மறைத்து ஒரு கல்லை வேறு புரட்டி வைத்திருந்தார்கள். ஏன் தெரியுமா? புகையில் தொண்டை வறளும். தொண்டை வறண்டவன் இன்னொரு குடுவை கேட்பான். அந்தத் தொழிலின் சூட்சுமமே அதுதான்.

சடையன் கடையில் கள் ஊற்றிக் கொடுப்பவள் அவன் மனைவி அங்காயி. கடை திறந்த நாள் முதல் அந்தப் புகைக்குள்ளேயே நின்றவள். அவள் ஒரு சுருட்டைக்கூடத் தொட்டதில்லை. ஆனாலும் இருமல் மட்டும் அவளுக்குத்தான் வந்தது.

"மாமா, நெஞ்சு அடைக்குது" என்பாள்.

"பனி ஒத்துக்கலை புள்ள. வெயில் வந்தா சரியாயிடும்" என்பான் சடையன். வெயில் வந்தது. சரியாகவில்லை. அப்போது, "வெயில் ஒத்துக்கலை" என்றான். காரணம் என்னவென்று அவனுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். தெரிந்ததை ஒப்புக்கொண்டால் கணப்பை அணைக்க வேண்டும். கணப்பை அணைத்தால் கூட்டம் பக்கத்துக் கடைக்குப் போய்விடும்.

இந்தச் சமயத்தில் கோணையன் கடையில் கள் ஊற்றிக் கொடுத்துவந்த முயல் இருமி இருமிச் செத்துப்போனது. காட்டுக்குத் தலைவி பெரியாத்தா என்ற கிழட்டுப் பெண் யானை. அவள் எல்லா மிருகங்களையும் ஆற்றங்கரைக்கு வரச் சொன்னாள்.

"இனிமே குகைக்குள்ள யாரும் புகைக்கக் கூடாது. குடிக்கிறவன் உள்ளே குடிக்கட்டும். ஊதுறவன் வெளியே போய் ஊதட்டும். அவ்வளவுதான்!" என்றாள்.

கடைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? குதியாய்க் குதித்தார்கள்.

"ஆத்தா, எங்க வயித்துல அடிக்காதீங்க!" என்று கோணையன் ஒப்பாரி வைத்தான்.

"அந்த முயலுக்குப் பிறவியிலேயே நெஞ்சுக்கூடு சின்னது! அதுக்கு எங்க புகை என்ன பண்ணும்?" என்றான் சன்னாசி. செத்தவன் எழுந்துவந்து பதில் சொல்லப் போகிறானா என்ன?

எல்லாரையும்விடச் சத்தம் போட்டவன் நம்ம சடையன்தான். "என் குகை! என் உரிமை! பிடிக்காதவன் உள்ளே வராதே!" என்று தொண்டை கிழியக் கத்தினான். ஊத வந்த கூட்டமெல்லாம் கைதட்டியது. சடையனுக்குத் தலைகால் புரியவில்லை.

பெரியாத்தா பொறுமையாகக் கேட்டாள். "சரி, புகையால கெடுதல் இல்லைன்னா நிரூபிச்சுக் காட்டுங்க. அந்தப் புகையில ரொம்பக் காலம் இருந்தவங்க யாரு?"

சன்னாசியின் கண் சட்டென்று சடையன் பக்கம் திரும்பியது. "நம்ம அங்காயி அக்கா இருக்காங்களே, ஆத்தா!"

"நல்லதாப் போச்சு. கரடிக்கு மூச்சுதான் பிழைப்பு. புற்றை உடைக்க ஊதணும், கறையானை எடுக்க உறிஞ்சணும். நாளன்னைக்கு இந்த ஆற்றங்கரைப் புற்றை அவ ஊதட்டும். மண்ணு உதிர்ந்து, கறையான் அவ வாய்க்குள்ள போச்சுன்னா என் சட்டத்தை நானே எடுத்துடறேன்."

சடையன் புற்றைப் பார்த்து விழித்தான். அங்காயியால் குடுவையில் படிந்த தூசியைக்கூட ஊத முடியாது என்பது அவனுக்குத் தெரியும். அந்தப் புற்றோ கல்லு மாதிரி இருந்தது.

"பயப்படாதே அண்ணே! புற்றை நாங்க பாத்துக்கறோம். அக்காவை நீ பாத்துக்கோ" என்று காதைக் கடித்தான் சன்னாசி.

மறுநாள் யானைகள் மேயப் போன நேரம் பார்த்து மூன்று பேரும் புற்றுக்குப் பின்னால் போனார்கள். நரியும் கழுதைப்புலியும் பின்பக்கமாகத் தோண்டி, உள்ளே இருந்த மண்ணையெல்லாம் வாரி எறிந்தார்கள். முன்பக்கம் அப்பளம் போல ஒரு மேல்தோல் மட்டும் நின்றது. சடையன் கறையானை வாரி, அந்தத் தோலுக்கு ஒட்டினாற்போல உள்ளே குவித்துவைத்தான். பின்பக்க ஓட்டையைத் தழையும் சேறும் வைத்து மூடினார்கள். யார் பார்த்தாலும் பழைய புற்றுதான்!

அங்காயியைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

"என்னால முடியாது மாமா. ரெண்டு எட்டு வச்சாலே மூச்சு வாங்குது. ஆத்தாகிட்ட உண்மையைச் சொல்லிடுவோமே" என்றாள்.

"சொன்னா கடை போச்சு, புள்ள! லேசா ஒரு ஊது ஊது, போதும். இருமல் வராம இருக்கத் தேனும் திப்பிலியும் தர்றேன். இதுல மட்டும் ஜெயிச்சுட்டோம்னா உன்னைக் கடையிலேயே நிக்க விடமாட்டேன். மலைமேல தேன்பாறைக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். அங்க சுத்தமான காத்து. நீ காலை நீட்டி உக்காந்திரு."

"நிஜமாவா மாமா?"

"உன்மேல சத்தியம்!"

பாவி, அவள் மேலேயே சத்தியம் வைத்தான். அவளும் நம்பினாள்.

சோதனை நாள் வந்தது. ஆற்றங்கரையில் எள் போட்டால் விழாத கூட்டம். அங்காயி புற்றின் முன்னால் போய் நின்றாள். இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்துப் பிடித்து ஊதினாள். பொலபொலவென்று முன்பக்கம் முழுவதும் உதிர்ந்து விழுந்தது! குவித்து வைத்திருந்த கறையானைச் சர்ரென்று உறிஞ்சினாள். கூட்டம் ஆ என்று கத்தியது.

அப்போது இருமல் வந்தது. தொண்டை வரை வந்த இருமலை அவள் பல்லைக் கடித்து அடக்கினாள். முதுகு குலுங்கியது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"என்னம்மா, ஏன் அழறே?" என்று பெரியாத்தா குனிந்து கேட்டாள்.

அங்காயி சடையனைப் பார்த்தாள். அவன் பார்வையில் கெஞ்சல். அவள் இருமலை விழுங்கிக்கொண்டாள்.

"சந்தோஷக் கண்ணீர் ஆத்தா!" என்றான் சடையன். "இதுல எந்தப் பொய்யும் இல்லை. இந்தக் காட்டு மேல சத்தியம்!"

பெரியாத்தா சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள். சட்டம் போனது. அன்று சாயங்காலமே மூன்று கடைகளிலும் மறுபடியும் கல்லைப் புரட்டி வாசலை மறைத்தார்கள். புகை முன்னைவிட அதிகமாகச் சூழ்ந்தது. ஆத்தா மனசு மாறிவிடக் கூடாதே என்று மூன்று பேரும் தினமும் இலுப்பைப் பூவைக் குவியல் குவியலாகக் கொண்டுபோய் அவள் காலடியில் கொட்டினார்கள். யானைக்கு இலுப்பைப் பூ என்றால் உயிர் அல்லவா?

"தேன்பாறைக்கு எப்ப மாமா போறோம்?" என்று அங்காயி கேட்டாள்.

"இப்பதானே புள்ள வியாபாரம் சூடு பிடிச்சிருக்கு! பூக்காலம் முடியட்டும்."

பூக்காலம் முடியும்வரை அவள் நின்று நின்று ஊற்றினாள். பூக்காலம் முடிகிற நேரத்தில் ஒருநாள், கையில் குடுவையோடு அப்படியே சரிந்து விழுந்தாள். வாயில் ரத்தம். அதைப் பார்த்த பிறகுதான் சடையனுக்குப் புத்தி வந்தது. வந்து என்ன செய்ய? ஓடிப்போய்க் கணப்பில் தண்ணீரைக் கொட்டினான்.

"என்னய்யா இது? புகை இல்லாம எவன் குடிப்பான்?" என்று கூட்டம் எழுந்து பக்கத்துக் கடைக்குப் போனது. போனால் போகட்டும் என்றிருந்தான் சடையன்.

அவளைத் தேன்பாறைக்குத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். பாதி மேடுகூட ஏறவில்லை, அவளுக்கு மூச்சு முட்டி உடம்பு விறைத்தது. பயந்துபோய்த் திரும்பி வந்தான். மழையும் பிடித்துக்கொண்டது. வெளியே படுக்க வைக்க வழியில்லை. குகைக்குள்ளேயே கிடத்தினான். அந்தப் பாறையில் உள்ளுக்குள்ளே வெடிப்புகள் இருந்தன. நடுக் குகையின் புகை அந்த வெடிப்பு வழியாக இந்தக் குகைக்குள் வந்தது. சேற்றைக் குழைத்து அடைத்தான். வேறு பக்கம் கசிந்தது. அதையும் அடைத்தான். இன்னொரு பக்கம் கசிந்தது.

சன்னாசியிடம் ஓடினான். "தம்பி, மழை விடுற வரைக்கும் கணப்பை அணைச்சு வைப்பா! அங்காயி சாகக் கிடக்கறா!"

"ஐயோ பாவம்! உன் குகையில நீ அணைச்சுக்கோ அண்ணே, யாரு வேண்டாங்கறா? இது என் குகை, என் உரிமை. நீ கத்தினதுதானே!" என்றான் நரி. கோணையனிடமும் போய்க் கேட்டான். அவன் சிரித்துக்கொண்டே அடுத்த குடுவையை ஊற்றினான்.

கொட்டுகிற மழையில் சடையன் பெரியாத்தாவிடம் ஓடி, காலில் விழுந்தான்.

"ஆத்தா, அந்தச் சட்டத்தைத் திரும்பக் கொண்டு வாங்க! நாங்க புற்றை முன்னாடியே பின்பக்கமாத் தோண்டி வச்சிருந்தோம். அங்காயிக்கு மூச்சே கிடையாது. அவ அழுதது இருமலை அடக்கித்தான்!"

பெரியாத்தா நரியையும் கழுதைப்புலியையும் வரவழைத்தாள்.

"அத்தனையும் பொய் ஆத்தா!" என்றான் சன்னாசி. "இவர் கடையில ஈ ஆடுது. எங்க கடைக்குக் கூட்டம் வருது. அந்த வயித்தெரிச்சல்ல பேசறாரு. வேணும்னா புற்றைப் போய்ப் பாருங்க!"

புற்று எங்கே இருக்கிறது? மழை அதை என்றைக்கோ கரைத்துக்கொண்டு போய்விட்டது.

"எங்கூட வந்து அவளைப் பாருங்க ஆத்தா! ஒரு தடவை பாருங்க!" என்று சடையன் கதறினான்.

பெரியாத்தா இலுப்பைப் பூவை மென்றுகொண்டே யோசித்தாள். "அன்னைக்குக் காட்டு மேல சத்தியம் பண்ணினே. இன்னைக்கு அது பொய்ங்கறே. எதைடா நான் நம்பறது? அவ ஊதினதை ஊரே கண்ணால பார்த்துச்சு. சரி, மழை விடட்டும். கூட்டம் போட்டுப் பேசுவோம்."

"மழை விடுற வரைக்கும் அவ தாங்கமாட்டா ஆத்தா!"

ஆத்தா அடுத்த வாய்ப் பூவை எடுத்தாள். அந்தக் குவியலில் சடையன் கொண்டுவந்து கொட்டியதும் இருந்தது.

நனைந்து நடுங்கிக்கொண்டு அவன் திரும்பி வந்தான். குகைக்குள் புகை மண்டிக் கிடந்தது.

"ஆத்தா என்ன சொன்னாங்க?" என்று அங்காயி கேட்டாள்.

"நம்பலை புள்ள."

அவள் மெல்ல மூச்சை இழுத்தாள். பேச மூச்சு சேர வேண்டியிருந்தது. பிறகு, "அன்னைக்கு ஆத்தா குனிஞ்சு கேட்டாங்கல்ல, அப்பவே நான் இருமியிருக்கணும். உன் முகத்தைப் பார்த்து அடக்கிட்டேன். தப்புப் பண்ணிட்டேன் மாமா" என்றாள்.

மழை விடுவதற்கு முன்பே அவள் போய்விட்டாள். சடையன் மண்ணில் முட்டி முட்டி அழுதான். சன்னாசி துக்கம் விசாரிக்க வந்தான். கொஞ்ச நேரம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டு, "அண்ணே, குகை இனி சும்மாதானே கிடக்கும்? எனக்கு விட்டுக் கொடேன்" என்றான்.

அடுத்த பூக்காலம் வந்தது. சடையன் குகையையும் பிடித்துக்கொண்ட நரி, தன் இரண்டு கடைகளிலும் ஊற்றிக் கொடுக்க ஒரு புள்ளிமானைச் சேர்த்துக்கொண்டான். சடையன் வாசலில் நின்று அவளை மறித்தான். "உள்ளே போகாதேம்மா! இந்தப் புகை கொன்னுடும்!"

மான் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னண்ணே இப்படிச் சொல்றீங்க? உங்க வீட்டு அக்கா ஆத்தங்கரைப் புற்றையே ஊதித் தள்ளினாங்களே! நானே பார்த்தேன்!" என்று சொல்லிவிட்டு, குனிந்து குகைக்குள் போனாள்.

தன் ஆதாயத்துக்காக ஊரையே ஒரு பொய்யை நம்ப வைத்தவன், பிறகு தன் உயிரே போகிறது என்று உண்மையைச் சொன்னாலும் அதைக் கேட்க ஒருவரும் இருக்கமாட்டார்கள்.