தேன் குடத்துக்காக ஆள் சேர்த்த நரி

கருங்குளத்தின் கரையில் மாசிலாமணி என்ற நரி பணியாரக் கடை வைத்திருந்தது. கடை நன்றாகவே ஓடியது. ஆனாலும் நரிக்கு ஒரு தீராத வருத்தம். ஆள் வைத்தால் கூலி கொடுக்க வேண்டியிருக்கிறதே!

அதே குளக்கரையில் வேலை கிடைக்காமல் சில பிராணிகள் அலைந்துகொண்டிருந்தன.

முள்ளம்பன்றி பூவண்ணனை எந்தக் கடைக்காரரும் உள்ளே விடுவதில்லை. "நீ ஒரு தடவை திரும்பினா நாலு பேருக்குக் காயம்! வெளியிலயே நில்லுப்பா!" என்பார்கள்.

ஆமை மின்னல்கொடிக்குப் பெயரில்தான் மின்னல். எங்காவது ஆள் தேவை என்று கேள்விப்பட்டு அது போய்ச் சேர்வதற்குள், வேறு ஆள் வந்து, வேலை பழகி, கூலி உயர்வும் கேட்க ஆரம்பித்திருக்கும்.

கொக்கு தவசிக்கு ஒரு கால்தான். இன்னொரு காலைக் குஞ்சாக இருந்தபோதே முதலை கடித்துவிட்டது. "ரெண்டு கால் உள்ளவங்களே கிடைக்கிறப்ப நீ எதுக்கு?" என்று எல்லோரும் அதைத் திருப்பி அனுப்பினார்கள்.

இந்தச் செய்தி ஒருநாள் சிங்கராஜாவின் காதுக்குப் போனது. மறுநாள் காலையில் அரண்மனை அதிகாரியான யானை ஆனைமுத்து குளக்கரைக்கு வந்து தும்பிக்கையை உயர்த்திப் பிளிறியது.

"இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால்! யாரும் வேலை தராத ஒருவரை எந்தக் கடைக்காரர் வேலைக்கு வைக்கிறாரோ, அவருக்கு முதல் மூன்று மாதம் அரண்மனையிலிருந்து மாதம் ஒரு குடம் மலைத்தேன் கொடுக்கப்படும்!"

"எதுக்குங்க தேன்?" என்று கூட்டத்திலிருந்து ஒரு முயல் கேட்டது.

"புதுசா வர்றவர் வேலை பழகுற வரைக்கும் நாலு தட்டு உடையும், நாலு பணியாரம் கருகும். அந்த நஷ்டம் கடைக்காரர் தலையில விழக்கூடாது இல்லையா? அதுக்குத்தான் தேன். மூணு மாசத்துல வேலை பழகிடும். அப்புறம் அவங்க உழைப்பே கடையைப் பார்த்துக்கும்!" என்றது யானை.

முயலுக்கு நன்றாகப் புரிந்தது. நரிக்கு 'தேன்' என்ற ஒரே ஒரு சொல்தான் காதில் விழுந்தது.

அன்று சாயங்காலமே நரி முள்ளம்பன்றியின் வளைக்கு ஓடியது. "தம்பி பூவண்ணா! உன்னை இப்படிச் சும்மா உட்கார வச்சிருக்காங்களே, இவங்களுக்கெல்லாம் மனசே கிடையாதா? நாளைக்கே என் கடைக்கு வா!"

முள்ளம்பன்றிக்குக் கண் கலங்கிவிட்டது. நரியைக் கட்டிப்பிடிக்க ஓடி வந்தது.

"வேண்டாம்! வேண்டாம்! தூரத்துல நின்னே சந்தோஷப்படு!" என்று நரி ஒரே தாவாகத் தாவியது.

முதல் வாரம் பெரும்பாடாக இருந்தது. கரடியின் தொந்தியில் முள் குத்தியது. மானின் காதில் கீறியது. பரிமாறுவது முள்ளம்பன்றிக்குச் சரிப்படாது என்று தெரிந்துபோனது. உடனே அது தானாகவே அடுப்படிக்கு மாறிக்கொண்டது. உதிர்ந்த முள் ஒன்றைக் கழுவி எடுத்து, குழியில் வேகும் பணியாரத்தை அதனாலேயே குத்திப் புரட்டிப் பார்த்தது. முதலில் சில பணியாரங்கள் அடுப்புச் சாம்பலுக்குள் பறந்தன. ஒன்று எதிரில் நின்ற குரங்கின் வாய்க்குள்ளேயே போய் விழுந்தது. ஆனால் போகப் போக முள்ளம்பன்றியின் கை நன்றாகப் பழகிவிட்டது. பணியாரம் இரு பக்கமும் பொன்னிறமாக எழும்பி வந்தது.

அரண்மனையிலிருந்து மாதம் தவறாமல் தேன் வந்தது. நரி அதில் தேன் பணியாரம் போட்டுக் கூடுதல் விலைக்கு விற்றது.

மூன்றாம் குடமும் காலியானது. மறுநாள் நரி முள்ளம்பன்றியைக் கூப்பிட்டது.

"பூவண்ணா, நாளையிலிருந்து நீ வரவேண்டாம்."

"ஏன் முதலாளி? நான் என்ன தப்பு செஞ்சேன்?"

நரி யோசித்தது. தப்பு ஒன்றும் அகப்படவில்லை. "நீ பணியாரத்தைக் குத்துறது அதுக்கு வலிக்கும்போல இருக்கு. என்னால பார்த்துக்கிட்டு இருக்க முடியல!" என்றது.

முள்ளம்பன்றி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய்விட்டது. அது கண்ணிலிருந்து மறைவதற்குள் நரி எதிர்த் திசையில் ஓடி ஆமையிடம் போய் நின்றது. "மின்னல்கொடியம்மா! உங்களைப் போன்றவங்களுக்கு வேலை தர்றதுக்குன்னே நான் கடை நடத்துறேன்!"

ஆமை பரிமாறத் தொடங்கியது. அடுப்பிலிருந்து பலகை வரை போவதற்குள் பணியாரம் ஆறிப்போனது. ஒரு காட்டெருமை காத்திருந்து காத்திருந்து தூங்கியே விட்டது. ஆனால் ஆமை சளைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் விடியும் முன்பே எழுந்து, வெறும் தட்டை முதுகில் வைத்துக்கொண்டு கரையோரம் நடந்து பழகியது. சூடான சட்டியை ஓட்டின் மேல் வைத்தாலும் அதற்குச் சுடவில்லை. பலகைகளை எல்லாம் அடுப்பைச் சுற்றி நெருக்கிப் போடச் சொன்னது. எல்லோருக்கும் ஒரே சுற்றில் பரிமாறக் கற்றுக்கொண்டது. ஒரு சொட்டுச் சட்னி கீழே சிந்தாது.

"மின்னல்கொடி அக்கா, பேருக்கேத்த மாதிரி ஆயிட்டீங்களே!" என்று முயல்கள் கைதட்டின.

தேன் நின்றது. நரி வந்து நின்றது.

"அம்மா, உங்களுக்கு இனிமே இங்கே வேலை இல்லை."

"ஏன் முதலாளி?"

"நீங்க இப்ப வேகமா ஆயிட்டீங்க. வேகமானவங்களுக்கு எங்கே போனாலும் வேலை கிடைக்கும். மெதுவானவங்களுக்குத்தானே நான் உதவணும்!"

"மெதுவா இருந்தப்பவும் வேலை இல்லை. வேகமானப்பவும் வேலை இல்லை. நான் எப்படி இருக்கணும்னு நீங்களே சொல்லிடுங்க, முதலாளி!" என்றது ஆமை. நரியோ அதற்குள் கொக்கைத் தேடிக் கிளம்பிவிட்டது.

கொக்கு தவசிக்கு வாசலில் நின்று வாடிக்கையாளர்களை அழைக்கும் வேலை. இந்த முறை நரிக்கு ஒரு புதுச் சிக்கல் வந்தது. ஆனைமுத்து கடையைப் பார்வையிட வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தது.

"தவசி! அதிகாரி வர்றார். உனக்கு ஒரு கால்தான்னு அவருக்கு நல்லாத் தெரியணும். சரியா நில்லு!"

"சரியாத்தானே நிக்கிறேன்?"

"எல்லாக் கொக்கும் இப்படித்தான் ஒத்தைக் கால்ல நிக்குது! இன்னொரு காலை நீ தூக்கி மடக்கி வச்சிருக்கேன்னு நினைச்சுடுவார். அந்தக் கால் இல்லைன்னு தெரியற மாதிரி நில்லு!"

"இல்லாததை எப்படிங்க எடுத்துக் காட்டறது?"

நரி கொக்கை இப்படித் திருப்பியது, அப்படித் திருப்பியது. இறக்கையைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னது. கொக்கு தடுமாறி மாவுப் பானைக்குள் விழுந்தது. யானை வந்து சேர்ந்தபோது, நரி மாவுக்குள்ளிருந்து கொக்கைத் தலைகீழாக இழுத்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது.

"பாருங்க ஐயா! ஒரே கால்! நல்லாப் பார்த்துக்குங்க!" என்று நரி பெருமையோடு கத்தியது.

"கால் இருக்கட்டும். முதல்ல அவரை வெளியே எடுங்க!" என்றது யானை.

கொக்கு தும்மிக்கொண்டே எழுந்து நின்றது. யானை ஒரு தட்டுப் பணியாரம் கேட்டது. முள்ளம்பன்றியும் ஆமையும் போன பிறகு, பரிமாறிக்கொண்டே அடுப்பையும் நரிதான் பார்த்தது. பணியாரம் ஒரு பக்கம் கரியாகவும் மறுபக்கம் மாவாகவும் வந்தது. யானை ஒன்றை வாயில் போட்டுவிட்டு, மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் விழித்தது.

"முன்னாடி இங்கே வேலை பார்த்த முள்ளம்பன்றியும் ஆமையும் எங்கே?" என்று ஒருவழியாக விழுங்கிவிட்டுக் கேட்டது.

"அவங்களா! நான் கொடுத்த பயிற்சியில முன்னுக்கு வந்து, வடக்கு மலையில பெரிய கடையா வச்சு, ராஜா மாதிரி இருக்காங்க ஐயா!"

யானைக்குச் சந்தோஷம். குளத்தைச் சுற்றிக்கொண்டு அரண்மனைக்குத் திரும்பியது. எதிர்க்கரையை நெருங்கும்போது கமகமவென்று ஒரு வாசனை வந்தது. அங்கே ஒரு நாவல் மரத்தடியில் சின்னதாக ஓர் அடுப்பு. அடுப்பருகே முள்ளம்பன்றி முள்ளால் பணியாரத்தைப் புரட்டிக்கொண்டிருந்தது. ஆமை முதுகில் தட்டோடு நடந்துகொண்டிருந்தது. வேலை போன வருத்தத்தில் இரண்டும் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லப் போய், பேச்சு வளர்ந்து, கடையாக முடிந்திருந்தது.

யானை அடுப்பு காலியாகும் வரை சாப்பிட்டது. பிறகுதான் அதற்குச் சந்தேகம் வந்தது.

"நீங்க வடக்கு மலையில பெரிய கடை வச்சிருக்கிறதாக் கேள்விப்பட்டேனே?"

"எங்கே ஐயா! தேன் நின்ன மறுநாளே எங்களை அனுப்பிட்டார். நாங்க இந்தக் குளத்தங்கரையைத் தாண்டவே இல்லையே!" என்றது ஆமை.

யானையின் காது இரண்டும் விறைத்தன.

மறுநாள் நரி சிங்கராஜாவின் முன்னால் நின்றது. அதன் வால் நடுங்கினாலும் நாக்கு நடுங்கவில்லை.

"மகாராஜா! 'வேலைக்கு வைக்கிறவருக்குத் தேன்' என்றுதானே தண்டோரா போட்டார்கள்? நானும் வைத்தேன். 'வைத்துக்கொண்டே இரு' என்று யாரும் சொல்லவில்லையே!"

சிங்கம் பிடரியைச் சொறிந்தது.

"நரி சொல்வது சரிதான். ஓட்டை நம் ஆணையில் இருக்கிறது. அதை அடைத்துவிடலாம். இனிமேல் ஆளைச் சேர்த்ததும் ஒரு குடம் தேன். மீதி இரண்டு குடமும், அதே ஆள் அதே கடையில் ஒரு வருஷம் இருந்த பிறகுதான்! மாசிலாமணி, நீ போகலாம்."

தண்டனை இல்லாமல் தப்பித்த சந்தோஷத்தில் நரி துள்ளிக் குதித்துக் கடைக்கு ஓடியது. ஆனால் கடையில் யாருமே இல்லை. நடந்ததைக் கேள்விப்பட்ட கொக்கு, மாவைக் கழுவிக்கொண்டு எதிர்க்கரைக்கே பறந்துபோயிருந்தது. வாடிக்கையாளர்களும் அதன் பின்னாலேயே போயிருந்தார்கள். நரி புது ஆளைத் தேடிக் காடு முழுவதும் சுற்றியது.

"உங்க கடையிலயா? வேலை பழகினதும் வெளியே தள்ளுவீங்களே! நாங்க வேலை இல்லாமலே இருந்துக்கிறோம்!" என்றது ஒரு குருட்டு எலி.

தனியாளாக அடுப்பையும் பார்த்து, தட்டையும் பார்த்து, வாசலிலும் நின்று நரி களைத்துப்போனது. மழைக்காலம் வருவதற்குள் கடையை மூடிவிட்டது.

இப்போது நரிக்கே வேலை தேவைப்பட்டது. கரடியின் கிழங்குக் கடைக்குப் போனது. "மாசிலாமணியா? ஐயய்யோ!" என்று கரடி கதவைச் சாத்தியது. குரங்கின் பழக்கடையில் அதைக் கண்டதுமே பழங்களை மூடிவைத்தார்கள். பசி தாங்காமல் கடைசியில் நாவல் மரத்தடிக்கு வந்து, கூச்சத்தோடு ஒதுங்கி நின்றது.

"என்ன வேணும்?" என்று முள்ளம்பன்றி கேட்டது.

"ஏதாவது வேலை..." என்று நரி முனகியது.

முள்ளம்பன்றியின் முட்கள் எல்லாம் சிலிர்த்து நின்றன. "இவரைச் சேர்க்கக் கூடாது!" என்றது. கொக்கும் மூக்கை ஆட்டி ஆமோதித்தது.

அங்கே வழக்கம்போலச் சாப்பிட்டுக்கொண்டிருந்த யானை வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னது: "ஆணைப்படி பார்த்தா, யாருமே வேலை தராத ஆள் இவர்தான். இவரைச் சேர்த்தா உங்களுக்குத் தேன் உண்டு!"

"தேன் வந்தா வரட்டும் ஐயா. ஆனா அதுக்காக நான் ஆளைச் சேர்க்க மாட்டேன்" என்றது ஆமை. பிறகு திரும்பிப் பார்த்தது. மரத்துக்குப் பின்னால் கழுவாத சட்டியும் தட்டும் மலைபோலக் குவிந்திருந்தன. "ஆனா இதையெல்லாம் கழுவ எங்களுக்கு ஒரு ஆள் நிஜமாவே வேணும். என்ன பூவண்ணா?"

முள்ளம்பன்றி குவியலைப் பார்த்தது. நரியின் ஒட்டிய வயிற்றையும் பார்த்தது. மெதுவாக அதன் முட்கள் படிந்தன. "முதல்ல சாப்பிடச் சொல்லுங்க அக்கா. அப்புறம் கழுவட்டும்" என்றது.

நரி சாப்பிட்டுவிட்டுத் தண்ணீரில் கையை வைத்தது. முதல் சட்டியே கை நழுவி உடைந்தது. நரி நடுநடுங்கி ஆமையைப் பார்த்தது.

"அம்மா... தேன் நின்னதும் என்னையும் அனுப்பிடுவீங்களா?"

"நீ வேலையை நல்லாப் பழகிட்டா எதுக்கு அனுப்பப் போறோம்? அப்பத்தானே நீ எங்களுக்கு ரொம்ப வேணும்!" என்றது ஆமை.

நரி உடைந்த ஓடுகளைப் பொறுக்கிக் குப்பைக் குழியில் போட்டுவிட்டு, அடுத்த சட்டியை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துத் தேய்க்கத் தொடங்கியது.

பிறருக்கு வேலை தருவதற்காக வரும் உதவியைத் தன் வருமானமாக நினைப்பவன், உதவியையும் இழப்பான், தனக்காக உழைத்தவரையும் இழப்பான்.