அறியாமலிருக்கும் உரிமை

திருமலைநம்பி முப்பது வருடம் வக்கீலாக இருந்தவர். மனைவி காலமான பிறகு அவருக்குக் கோர்ட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. கறுப்புக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, ஐம்பத்தாறாவது வயதில் சட்டப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். மரபணுச் சோதனை என்று வரும்போது ஒரு மனிதனுக்கு என்னென்ன உரிமைகள் உண்டு என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட பொருள்.

அவருக்கு வழிகாட்டியாக அமைந்தவர் முனைவர் ஜெனோவா. உயிரித் தொழில்நுட்பச் சட்டத்தில் அந்தப் பக்கத்தில் அவரை விட்டால் ஆள் கிடையாது. வயதில் நம்பியைவிட ரொம்பச் சின்னவர். மாணவரை அவர் 'சார்' என்பார். மாணவர் அவரை 'மேடம்' என்பார். இரண்டு பேருக்கும் அது உறுத்தவில்லை.

பேச ஆளில்லாத வீட்டில் படிப்பு நன்றாக ஓடியது. ஊரில் ஓர் ஆஸ்பத்திரியில், எந்தச் சோதனையைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று முடிவு சொல்லும் நெறிமுறைக் குழுவுக்குச் சட்டம் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று கேட்டபோது, ஜெனோவா நம்பியைத்தான் அனுப்பினார்.

குழுவின் முன்னால் ஒரு நாள் ஒருவர் வந்து நின்றார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பெயர் காசிலிங்கம். அவர் மனைவி பரம்பரை நோய் ஒன்றில் இறந்திருந்தாள். நாற்பது வயதை ஒட்டி வரும். கை கால் தன் பேச்சைக் கேட்காது, பிறகு புத்தியும் மங்கும். மருந்து கிடையாது. தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒன்பது வயது மகளின் ரத்தத்தைச் சோதித்து, உண்டா இல்லையா என்று சொல்லிவிடுங்கள் என்பது அவர் மனு.

நம்பி நான்கு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தார். மருந்தில்லாத நோயைப் பற்றித் தெரிந்துகொள்வதா வேண்டாமா என்பது அந்தக் குழந்தையின் முடிவு. அவள் வளர்ந்து தானே கேட்கட்டும். அதுவரை அறியாமலிருக்கும் உரிமை அவளுக்கு உண்டு. குழுவினர் ஒரு மனதாக ஒப்புக்கொண்டார்கள். இவ்வளவு தெளிவாக யாரும் எழுதிப் பார்த்ததில்லை என்று தலைமை டாக்டர் கை கொடுத்தார்.

முடிவை நம்பியே படித்துக் காட்டினார்.

காசிலிங்கம் கடைசிவரை கேட்டார். பிறகு, "அப்போ அவ பெரியவளாகிற வரைக்கும் நான் மட்டும் இதை மனசுல வெச்சுக்கிட்டு இருக்கணுமா சார்?" என்றார்.

தலைமை டாக்டர் அவர் மனுவை மடித்து ஓரமாக வைத்தார். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அடுத்த மனுவை எடுத்தார்கள்.

நம்பிக்கு அதன் பிறகு படிப்பு ஓடவில்லை. புத்தகத்தைத் திறந்தால் அந்தக் கேள்விதான் நின்றது. இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு ஜெனோவாவின் அறைக்குப் போனார்.

"மேடம், ஒரு தகப்பன் வந்தார்..."

"பேரைச் சொல்லாதீங்க சார். அது குழுவோட ரகசியம், எனக்குத் தெரியக் கூடாது."

பெயரில்லாமல் நடந்ததைச் சொன்னார். எழுதிய நான்கு பக்கத்தையும் சொன்னார். "நான் சொன்னது சரியா மேடம்?"

ஜெனோவா மேசையிலிருந்த போனை அவர் பக்கம் நகர்த்தினார். "அவருக்கு போன் பண்ணுங்க. உங்க புரொபசர் ஒருத்தங்க வந்து பார்க்கலாமான்னு கேளுங்க. வேண்டாம்னா விட்டுருங்க."

நம்பி போன் செய்தார். வாங்க என்றது குரல்.

பள்ளிக்கூடத்துச் சுவரோரம் வேன் நின்றிருந்தது. பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு மாலை மணி அடிக்கும்வரை காசிலிங்கம் அதில்தான் இருப்பாராம். உள்ளே வெயிலும் பழைய சோற்று வாசனையும் அடைந்து கிடந்தன. யாரோ மறந்துபோன தண்ணீர் பாட்டில் ஒன்று சீட்டில் உருண்டு கிடந்தது.

ஜெனோவா ஏறி ஒரு சின்ன சீட்டில் உட்கார்ந்தார். முழங்கால் முன் சீட்டில் இடித்தது. நம்பி படியருகில் உட்கார்ந்தார்.

"உங்க வீட்டுக்காரம்மாவுக்கு முதல்ல எப்படித் தெரிஞ்சுது?"

காசிலிங்கம் நம்பியை ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னார். "கையிலிருந்து டம்ளர் நழுவும். திட்டுவேன் மேடம். கவனமா இருந்தா என்னன்னு. வியாதின்னு யாருக்குத் தெரியும்?"

"ம்."

"இப்போ பாப்பா ஸ்பூனைக் கீழ போட்டாப் போதும், நாப்பது வயசுலதான் வரும்னு தெரிஞ்சும் அவளையே பார்த்துடுவேன். காட்டிக்காம எடுத்துக் குடுப்பேன். அன்னிக்குக் கேட்டுட்டா. 'ஏம்பா என்னை அப்படிப் பார்க்கறே'ன்னு."

"என்ன சொன்னீங்க?"

"மூக்குல சோறு ஒட்டியிருக்குன்னு சொன்னேன்."

ஜெனோவா சிரித்தார். அவரும் சிரித்தார். சிரிப்பு நின்றதும் முகத்தைத் துண்டால் அழுத்திக்கொண்டார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. எங்க அம்மாகிட்டகூடச் சொல்லல. சொன்னா பாப்பாவைப் பார்க்கற பார்வையே மாறிடும்."

நம்பி குனிந்து வேனின் தரையைப் பார்த்தார். குழுவில் அவர் இந்த மனிதரிடம் பெயர் கேட்டார், உறவு கேட்டார், மனுவில் இருப்பது அவர் கையெழுத்துதானா என்று கேட்டார். வேறெதையும் கேட்ட ஞாபகம் இல்லை.

"மேடம், நீங்க பெரிய படிப்புப் படிச்சவங்களாம். நீங்க சொன்னா டெஸ்ட் எடுப்பாங்களா?"

"நான் அப்படிச் சொல்ல மாட்டேங்க. சார் எழுதினதுதான் சரி."

காசிலிங்கத்துக்குக் கோபம் வரவில்லை. "பின்ன எதுக்கு மேடம் இவ்வளவு தூரம்?"

ஜெனோவா அவர் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார். "சாப்பிடும்போது மட்டுந்தான் இப்படிப் பயமா? அவ நடக்கும்போது?"

"நடக்கும்போது பார்க்கவே மாட்டேன். முன்னால போயிடுவேன்," என்று ஆரம்பித்தார் காசிலிங்கம். அதன் பிறகு நிறுத்தவில்லை. மகள் கையெழுத்துக் கோணினால் தான் வெளியே போய் நின்றுகொள்வதை, அவள் தூங்கும்போது விரல்களைப் பார்ப்பதை, அவள் அம்மாவின் சாயல் என்று யாராவது சொன்னால் பேச்சை மாற்றுவதை, ஒன்றுவிடாமல் சொன்னார். ஜெனோவா 'ம்' கொட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மணி அடித்தது. காசிலிங்கம் சட்டென்று எழுந்து, கண்ணைத் துடைத்து, "ஓடாதீங்க, ஓடாதீங்க" என்று பிள்ளைகளுக்குக் குரல் கொடுத்தார். இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி எல்லோருக்கும் முன்னால் ஏறினாள். உள்ளே இருந்த இரண்டு பெரியவர்களையும் உற்றுப் பார்த்தாள்.

"யாருப்பா இவங்க?"

"தெரிஞ்சவங்கம்மா."

இருவரும் இறங்கி வழிவிட்டார்கள். வேன் நிறையப் பிள்ளைகளின் சத்தத்தோடு போயிற்று.

காரை ஜெனோவா ஓட்ட, நம்பி பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். பிறகு, "நான் எழுதினதுல தப்பு இல்லைன்னு நீங்களே சொன்னீங்க," என்றார்.

"தப்பு இல்லை சார். நான் எழுதியிருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்."

"அந்தக் குழந்தையோட உரிமையைச் சட்டம் காப்பாத்தும்னு முடிச்சிருக்கேன்."

ஜெனோவா சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சட்டம் அன்னிக்குக் கூட்டம் முடிஞ்சதும் எழுந்து வீட்டுக்குப் போயிடுச்சு சார். காப்பாத்தறவர் இப்போ வேன் ஓட்டிட்டுப் போறார்."