கொடியை நிறுத்துங்க

மலையில் எல்லோரும் சொல்கிற கதையை ஏகாம்பரம் மட்டும் நம்பவில்லை. பல வருடங்களாகவே நம்பவில்லை. இத்தனைக்கும் அது அவரைப் பற்றிய கதை.

அம்மா சொன்னாராம். வெல்டர் செய்து முடித்தாராம். அவ்வளவுதான் கதை.

நடந்ததும் அதுதான். ஆனாலும் நம்ப முடியவில்லை.

மலை உச்சி மொட்டைப் பாறை. மடம் என்று அங்கே இருப்பது ஓர் ஓட்டுக் கட்டடமும் ஒரு சுனையும். தவமணி அம்மாள்தான் மடத்துக்குத் தலைவி. வெல்டிங் பட்டறையைப் பூட்டிவிட்டு ஐம்பது வயதில் அவரிடம் சீடராக வந்து சேர்ந்தவர் ஏகாம்பரம். அம்மா அவரைவிடப் பத்து வயது இளையவர்.

குருபூசைக்குப் பாறைமேல் கொடி ஏற்றுவார்கள். பாறையில் உளி படக்கூடாது. விரிசல் விட்டால் சுனை வற்றிவிடும். அதனால் முதல் வருடம் ஒரு பழைய டயருக்குள் சிமெண்டைக் கொட்டி, நடுவில் கம்பத்தைச் செருகினார் ஏகாம்பரம்.

காற்று ஒரே ஒரு முறைதான் தள்ளியது.

இருபதடிக் கம்பம் பூக்காரி மங்கையின் தோளில் விழுந்தது.

கட்டுப் போட்ட கையோடு அவள் மலையேறி வந்த அன்று, ஏகாம்பரம் அம்மாவின் முன்னால் போய் நின்றார்.

"நான் என்ன செய்யணும்மா?"

அம்மா மங்கையின் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொடியை நிறுத்துங்க, வெல்டரே."

அன்றே வேலையைத் தொடங்கினார்.

முதலில் எடையைக் கூட்டினார். மூன்று மடங்கு சிமெண்ட். எட்டுப் பேர் மூங்கிலில் கட்டித் தூக்கினார்கள். பாதி வழியில் ஒருவருக்குப் படி வழுக்கியது.

"நிறுத்துங்க!"

மேலேயிருந்து அம்மாவின் குரல். எட்டுப் பேரும் நின்றார்கள். அந்தச் சிமெண்ட் கட்டி இன்றும் அங்கேயே கிடக்கிறது. ஏறுகிறவர்கள் அதில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறார்கள்.

"போன வருஷம் நான் ஒருத்தி. இந்த வருஷம் எட்டுப் பேரா?" என்றாள் மங்கை. "நம்ம ஆஸ்பத்திரியில அத்தனை கட்டில் கிடையாதுய்யா."

ஏகாம்பரம் சிரிக்கவில்லை.

கம்பத்தைப் பாதியாக அறுத்தார். இரும்புக் குழாயில் கூட்டல் குறி மாதிரி ஓர் அடித்தளம் செய்தார். ஒவ்வொரு கையும் ஐந்தடி. போல்ட்டைக் கழற்றினால் ஆளுக்கொரு துண்டாகத் தோளில் போட்டுக்கொண்டு ஏறலாம். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு பெரிய தண்ணீர் கேன். ஏறும்போது காலி. உச்சியில் சுனைநீரை நிரப்பினால் எடை. முடிந்ததும் சுனைக்கே ஊற்றிவிடலாம்.

குருபூசை அன்று கொடி ஏறியது.

"நிக்குமாய்யா?" மங்கை எட்டவே நின்றாள்.

அவர் கம்பத்தடியில் போய் உட்கார்ந்தார்.

காற்று வந்தது. கொடி கிழிந்துவிடுவதுபோல் அடித்துக்கொண்டது. அடித்தளம் ஓர் அங்குலம் நகரவில்லை.

மத்தியானத்துக்கு மேல் மங்கையும் பூக்கூடையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அம்மா வாசலில் நின்று அவர்கள் இருவரையும் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

ஏழு வருடமாயிற்று. கொடி ஒருமுறைகூட விழவில்லை. ஏழு வருடமும் ஏகாம்பரம் அதன் அடியிலேயே காலை முதல் மாலை வரை உட்கார்ந்திருக்கிறார். ஏழு வருடமும் அம்மா கொடியை அண்ணாந்து பார்த்ததில்லை.

அந்த இரண்டு குரலும் அவர் காதை விட்டுப் போகவில்லை. முன்னால் நின்றபோது கேட்டது ஒன்று. படியில் கேட்டது ஒன்று. இரண்டும் ஒரே சொல்.

இந்த வருடக் குருபூசைக்கு முந்தின நாள், கேன்களில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்தார். ஈரக் கையோடு அம்மாவிடம் போனார்.

"அம்மா, அன்னிக்கு 'நிறுத்துங்க'ன்னீங்களே. கொடி விழாம நிறுத்தச் சொன்னீங்களா? இல்ல, படியில அந்த எட்டுப் பேரை நிறுத்தின மாதிரி, கொடியையே நிறுத்தச் சொன்னீங்களா?"