முதலாளி முதலில் அடிக்கட்டும்

கோவில்பட்டிப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆலை. அதன் முதலாளி ராஜமன்னாருக்குச் சட்டசபைத் தேர்தலில் நிற்க ஆசை. அவர் கட்சியில் வேட்பாளரை உறுப்பினர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். ஓட்டுப் போடவும் போட்டியிடவும் ஒரு வருஷமாவது உறுப்பினராக இருந்திருக்க வேண்டும் என்பது விதி. ஆலைத் தொழிலாளிகள் எல்லாரும் பழைய உறுப்பினர்கள்.

ஓட்டுக்கு முந்தின நாள், கட்சி அனுப்பிய பார்வையாளரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, தொழிலாளிகளை வரிசையாக நிறுத்தி, முதலாளி தட்டில் கற்பூரம் ஏற்றினார்.

"எனக்குத்தான் ஓட்டுன்னு இதுல அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க. பண்ணாதவங்களுக்கு வேலையும் கிடையாது, குடியிருக்க ஆலை வீடும் கிடையாது."

வரிசையில் முதலில் நின்றவள் சீனியம்மாள். பொய்ச் சத்தியம் பண்ணினால் சாமி சும்மா விடாது. பண்ணாவிட்டால் பிள்ளைகளோடு தெருவில் நிற்க வேண்டும்.

"பயமா இருக்கு முதலாளி. முதல்ல நீங்க அடிங்க, பார்த்து நாங்களும் அடிக்கிறோம்."

"நான் என்னன்னு அடிக்க?"

"ஒரு வருஷமா இந்தக் கட்சியிலதான் இருக்கேன்னு அடிங்க."

அந்த வருஷப் பொங்கலுக்குக்கூட அவர் வேறு கட்சிக் கொடி கட்டிய காரில் வந்து கரும்பு கொடுத்ததை ஊரே பார்த்திருந்தது. முதலாளி கையை நீட்டவில்லை.

பார்வையாளர் அவர் பக்கம் திரும்பினார். "அடிங்க அண்ணாச்சி."

மறுநாள் வாக்குச்சீட்டில் ராஜமன்னார் பெயர் இல்லை. வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவாரோ என்று சீனியம்மாள் பல நாள் நடுங்கிக் கிடந்தாள். அவர் அவள் இருந்த பக்கமே வரவில்லை. அவள் யாருக்கு ஓட்டுப் போட்டாள் என்பது மட்டும் இன்றுவரை அவள் புருஷனுக்கும் தெரியாது.