கண்மாய்க்கு வந்த நத்தைகுத்தி

செவ்வூரணிக் கண்மாயை மண் போட்டு மூடி பஸ் ஸ்டாண்ட் கட்டப் போவதாகப் பேச்சு அடிபட்டது. பறவை ஆராய்ச்சிக்கு வந்திருந்த கமலவேணி மேடம்தான் ஒரு வழி சொன்னார்.

"நத்தைகுத்தி நாரை இங்கே இறங்குதுன்னு காட்டிட்டா மூட விடமாட்டாங்க. முழங்கால் தண்ணியில நின்னு நத்தை தின்னும். அலகை மூடினாலும் நடுவுல சந்து தெரியும். வந்தா விரட்டாம பார்த்துக்கிட்டிருங்க, நான் காலையில வர்றேன்."

ஊர் கூடி மூன்று பேரை அனுப்பியது: சோணமுத்து, காத்தான், இருளப்பன். ஊரிலேயே விவரமானவர்கள் அவர்கள்தான். மற்றவர்களைப் பற்றி நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

விடிந்ததும் சாம்பல் வெள்ளையில் நெட்டைக்கால் பறவை ஒன்று வந்து இறங்கியது. காத்தான் மெல்லத் தண்ணீரில் கால் வைத்துப் பார்த்தான். முகம் வாடிவிட்டது.

"அண்ணே, கணுக்கால் அளவுதான் இருக்கு. இது வேற பறவை."

"அவசரப்படாதே. யார் முழங்கால்னு மேடம் சொன்னாங்களா?" என்றார் சோணமுத்து.

சொல்லவில்லை. ஊரிலேயே குட்டை இருளப்பன்தான் என்பதால் அவனை நிறுத்திப் பார்த்தார்கள். அவனுக்கும் எட்டவில்லை. சம்மணம் போட்டு உட்காரச் சொன்னார்கள். முழங்கால் நனைந்தது.

"அப்போ இதேதான்!"

அடுத்தது அலகு. சந்து நன்றாகவே தெரிந்தது.

"அது வாயைத் திறந்து வெச்சிருந்தா?" என்றான் இருளப்பன், ஈரத்தில் நடுங்கிக்கொண்டே.

நியாயமான சந்தேகம். சோணமுத்து தொண்டையைச் செருமி, "வாயை மூடு!" என்று அதட்டினார். பறவை இரண்டு எட்டு தள்ளிப் போய் நின்றது. காத்தானும் இருளப்பனும் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள்.

"இப்ப மூடியிருக்காடா?"

இருவரும் உதட்டை இன்னும் இறுக்கிக்கொண்டார்கள். இருளப்பன் தொடையில் அட்டை ஏறியது. அப்போதும் அவன் வாயைத் திறக்கவில்லை. கண்ணீர் மட்டும் வழிந்தது.

மேடம் வந்துதான் அவர்களைப் பேச வைத்தார். அதற்குள் பறவை சேற்றில் அலகை விட்டு ஒரு நத்தையை எடுத்தது. மேடம் படபடவென்று போட்டோ எடுத்தார்.

"நத்தைகுத்தியேதான்! இனி கண்மாயை யாரும் தொட முடியாது!"

மூவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். மேடம் பைனாகுலரைச் சோணமுத்து கையில் கொடுத்து, "நல்லாப் பாருங்க" என்றார்.

அவர் அதைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"ஐயோ மேடம், கண்மாய் போகுது! பறவையையும் ஏத்திக்கிட்டு எங்கேயோ தூரத்துக்குப் போயிருச்சே!"

காத்தான் கயிறு எடுக்க ஊருக்குள் ஓடினான். இருளப்பன் குப்புற விழுந்து, கரைப்புல்லை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினான்:

"சீக்கிரம் வாங்கய்யா! இந்தப் பக்கத்தை நான் விடலை!"