வெள்ளிக்கிழமை நகல்

பொதிகை அடிவாரத்தில் ஒரு சித்த வைத்தியசாலை. அதை நடத்துகிற உலகம்மைக்கு நாற்பத்தைந்து வயது. அவரிடம் வைத்தியமும் தியானமும் கற்க வந்த திரவியத்துக்கு அறுபத்துமூன்று. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் வேலை பார்த்து, யாரையும் நம்பாமலேயே ஓய்வு பெற்றவர்.

ஆறு வருடமாக வைத்தியசாலையின் கணினி அவர் பொறுப்பு. அதற்கே பதினான்கு வயது. பதினோராயிரம் நோயாளிகளின் குறிப்புகள் அதில் இருந்தன. யாருக்குச் சேராங்கொட்டை ஒத்துக்கொள்ளாது, யாருக்கு எந்தப் பற்பம் எந்த அளவு என்பதெல்லாம் அதில்தான். காகிதத்தில் எதுவும் கிடையாது. அது போய்விட்டால் யாருடைய வயிற்றுக்காவது தவறான மருந்து போய்ச் சேரும்.

கொஞ்ச நாளாகத் திரையில் ஓர் அறிவிப்பு வந்துகொண்டிருந்தது. இந்த இயங்குதளத்துக்கு இனிப் பாதுகாப்பு கிடையாது, புதியதற்கு மாறுங்கள் என்றது. திரவியம் 'பிறகு' என்ற பொத்தானை அழுத்துவார். மறுநாள் மறுபடி வரும். தயாரித்தவர்கள் விற்பனைக்காகப் பயமுறுத்துகிறார்கள் என்று நினைத்தார். மாற்றித் தர வந்த செல்வின், குறிப்புகளைத் திருடத்தான் வருகிறார் என்றும் நினைத்தார். செல்வின் தென்காசியில் கணினிக் கடை வைத்திருப்பவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், அதிர்ந்து பேசத் தெரியாதவர். இரண்டு முறை வந்தும் டீ கொடுத்தே அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார் திரவியம்.

மூன்றாவது முறை செல்வின் வந்தபோது உலகம்மையும் அங்கே இருந்தார். டீ பலிக்காது என்று தெரிந்து திரவியம் கேட்டார்.

"அம்மா, பழசும் பயமா இருக்கு, புதுசும் பயமா இருக்கு. எப்பதான் மாத்துறது?"

"நகல் இருக்கா ஐயா?" என்று கேட்டார் உலகம்மை.

அந்தக் கேள்விக்காகவே ஆறு வருடம் காத்திருந்தவர்போலத் திரவியம் எழுந்து போனார். பூஜை அறையிலிருந்து ஒரு பட்டுத்துணி முடிச்சைக் கொண்டுவந்தார். உள்ளே விபூதி பூசிய பென் டிரைவ். வெள்ளிக்கிழமை தவறாமல் நகல் எடுப்பதாகவும், எடுத்ததும் திறந்து சரிபார்த்த பிறகே முடிச்சுப் போடுவதாகவும் சொன்னார்.

"செல்வினோட லேப்டாப்ல போட்டுப் பாருங்க," என்றார் உலகம்மை.

திரவியத்துக்கு மனமே இல்லை. கொடுத்துவிட்டு, செல்வினின் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். திரையில் ஒரே ஒரு சின்னப் படம் வந்தது. அழுத்தினால் எதுவும் திறக்கவில்லை.

"ஐயா, இது வெறும் ஷார்ட்கட். விலாசம் எழுதின சீட்டு மாதிரி. வீடு இதுல இல்ல," என்றார் செல்வின்.

"நீங்க ஏதோ பண்ணிட்டிய."

செல்வினின் முகம் சுருங்கிவிட்டது. பையை எடுத்து மூட ஆரம்பித்தார். திரவியம் பென் டிரைவைப் பிடுங்கித் தன் பழைய கணினியில் செருகி, அதே படத்தை அழுத்தினார். பதினோராயிரம் பேரும் வரிசையாக வந்து நின்றார்கள்.

"பாத்தியளாம்மா? நம்மகிட்ட எல்லாம் சரியாத்தான் இருக்கு. கோளாறு இவர்கிட்ட."

உலகம்மை கணினிப் பக்கம் திரும்பினார். காலையில் முதலில் வந்த நோயாளி யார் என்று கேட்டார். புளியங்குடி ஆவுடைத்தாய், புதியவர், மூட்டுவலி என்றார் திரவியம்.

"அவங்க பேரு இந்த நகல்ல இருக்கான்னு தேடுங்க."

தேடினார். இருந்தது. காலையில் அவரே அடித்த வரிகள், ஒரு சொல் குறையாமல்.

"இது போன வெள்ளிக்கிழமை எடுத்த நகல்தானே?"

"ஆமாம்மா."

"இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை."

திரவியம் அந்த வரிகளை மறுபடி படித்தார். ஆறு வருடமாகத் தான் நகலெடுத்தது திரையின் முகப்பில் இருந்த அந்தச் சின்னப் படத்தை மட்டும்தான் என்பது மெல்லப் புரிந்தது. திறந்து பார்த்த ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அது அவரை இதே பெட்டிக்குள்தான் கூட்டிவந்திருக்கிறது. அவருக்குக் காது வரை அவமானம் ஏறியது. செல்வினைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்து, "மன்னிச்சிருங்க தம்பி," என்றார்.

செல்வின் பையைக் கீழே வைத்தார்.

திரவியம் தணிந்த குரலில் கேட்டார்.

"அப்போ எப்பம்மா மாத்துறது?"

உலகம்மை எழுந்தார். சுவரில் இருந்த, கணினிக்கான மின்சார ஸ்விட்சின்மேல் விரலை வைத்தார்.

அவர் அழுத்துவதற்குள் திரவியம் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். குருவின் நிழலைக்கூட மிதிக்காத மனிதர். என்ன செய்துவிட்டோம் என்று தெரிந்தது. ஆனாலும் விட முடியவில்லை.

"வேண்டாம்மா. பட்டுன்னு அணைச்சா இது மறுபடி எந்திரிக்குமோ என்னமோ. எல்லாம் இது ஒண்ணுலதான் இருக்கு."

உலகம்மை கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"உங்க கை என்னைத் தடுக்காத அன்னைக்கு மாத்துவோம் ஐயா."