கஞ்சி போட்ட அங்கி

கேட்க வந்தவர்களே, கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது நம் பக்கத்துக் கதை அல்ல. கடலுக்கு அப்பால் ஜப்பான் என்றொரு தீவு நாடு. அங்கே இடுப்பில் வாள் செருகியவன் சொன்னதே சட்டம் என்றிருந்த காலம். இந்தக் கதையை எடுத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. ஆனாலும் சொல்லாமல் விடமாட்டேன்.

அந்த நாட்டில், ஒரு மலையடிவாரக் கிராமத்தில், தோராமே என்று ஒருத்தி இருந்தாள். ஊரார் துணியை ஆற்றில் வெளுத்து, அரிசிக் கஞ்சி போட்டு, கட்டையால் தட்டி மொடமொடப்பாக்கித் தருவது அவள் தொழில். புருஷன் பக்கவாதம் வந்து படுத்த படுக்கை. ஊர்த் துணிக்கெல்லாம் கஞ்சி போட்டவள் தன் துணிக்கு ஒரு நாளும் போட்டதில்லை. வயிற்றுக்கே கஞ்சி இல்லாத வீட்டில் துணிக்கு ஏது?

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் மேல் களவுச் சந்தேகம் விழுந்தால், அவர் சாமி முன்னால் சத்தியம் செய்துவிட்டு, நின்ற உடையோடு மூன்று நாள் கோயில் மண்டபத்தில் இருக்க வேண்டும். அதற்குள் சோறு தொண்டையில் அடைத்தால் பொய்ச் சத்தியம். காக்கை மேலே எச்சமிட்டால் பொய்ச் சத்தியம். எலி துணியைக் கடித்தால் பொய்ச் சத்தியம். அப்புறம் பேச்சே கிடையாது. வீட்டைக் கொளுத்தி, குடும்பத்தையே எல்லைக்கு வெளியே துரத்துவார்கள்.

அப்படி எரிந்த மூன்று வீடுகள் ஊரில் கரிமேடாகக் கிடந்தன. ஒன்று குயவனுடையது, ஒன்று விறகு விற்பவளுடையது, ஒன்று கூடை முடைபவனுடையது. பெரிய வீடு ஏதாவது எரிந்ததா என்று கேட்காதீர்கள். பெரிய மனிதரைச் சத்தியம் செய்யச் சொல்ல அங்கே யாருக்கு வாய் வந்தது?

அந்த ஊரின் மணியக்காரன் பெயர் மொரிகாகே, இடுப்பில் வாள் கட்டியவன். வரி வசூலிப்பவன் அவன்தான், ஊரை அதட்டுபவனும் அவன்தான். ஒரு பனிக்காலத்தில் சாமிக்குச் சாத்த வெள்ளைப் பட்டு ஒன்று வந்தது. ஓரத்தில் மூன்று சிவப்பு இழை ஓடும் பட்டு. அதை நனைத்துக் காயவைக்கத் தோராமேயிடம் கொடுத்தார்கள். அவள் பூவைத் தொடுவதுபோல் தொட்டு வேலையை முடித்து, மணியக்காரன் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தாள். மறுநாள் அவன் கோயில் வாசலில் நின்று, "பட்டு என் கைக்கு வரவே இல்லை. இவள்தான் அமுக்கிவிட்டாள்!" என்று கூசாமல் சத்தியம் செய்தான்.

அவனை யாரும் மண்டபத்துக்குள் போகச் சொல்லவில்லை. தோராமேயைத்தான் பிடித்துச் சத்தியம் செய்யவைத்து உள்ளே தள்ளினார்கள். வெளியே முழங்கால் அளவு பனி. வீட்டைக் கொளுத்தினால் நடக்க முடியாத புருஷன் எல்லை தாண்டுவதற்குள் செத்துப்போவான். அவள் நினைப்பெல்லாம் அதில்தான் இருந்தது.

முதல் நாள் மணியக்காரன் வீட்டிலிருந்து சோறு வந்தது. வாயில் போட்டால் தொண்டையைப் பிடிக்கிற வறட்டுத் தவிட்டு உருண்டை. தோராமே பனியை அள்ளி உருக்கி, அதில் கரைத்துக் குடித்தாள். அடைக்கவில்லை.

இரண்டாம் நாள் அவள் உட்கார்ந்திருந்த வாசற்படிக்கு மேலே, கூரையில் யாரோ தானியம் வீசினார்கள். காக்கைகள் கூட்டமாக வந்தன. தோராமே தூணோரம் நகர்ந்துகொண்டாள். எச்சம் படியில்தான் விழுந்தது.

மூன்றாம் நாள் மொரிகாகேயே வந்தான். முகத்தில் அப்படி ஒரு இரக்கம்! "ஐயோ பாவம், குளிர்ல வெடவெடன்னு நடுங்குறியே" என்று அவள் வலது கையைப் பிடித்துத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனான்.

கெடு முடிந்து விடிந்தபோது, அவள் அங்கியின் அந்த வலது கைத்துணியை எலி கடித்திருந்தது.

தோராமே அழவில்லை. இடது கைத்துணியைத் தொட்டாள், துவண்டு கிடந்தது. வலதைத் தொட்டாள், விறைப்பாக இருந்தது. கஞ்சி! முப்பது வருஷமாகக் கஞ்சியில் ஊறிய விரலுக்கு இது தெரியாதா? இன்னொன்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது. நேற்று அவன் தடவியபோது, அவனுடைய மொடமொடத்த முரட்டுச் சணல் அங்கிக்கு உள்ளேயிருந்து வழவழப்பாக ஏதோ அவள் மணிக்கட்டில் உரசியது. அந்த வழவழப்பை அவள் வாழ்நாளில் ஒரே ஒரு துணியில்தான் தொட்டிருக்கிறாள். அவன் தகுதிக்குப் பட்டு உடுத்த அனுமதி இல்லை. அதனால் சாமியின் பட்டை உட்பக்கமாக வைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறான், பாவி!

ஆனால் சொன்னால் யார் நம்புவார்கள்? வாள் கட்டியவனின் அங்கியை அவிழ்த்துப் பார் என்று ஒரு துணி வெளுப்பவள் சொல்ல முடியுமா? சொன்ன நாக்கை அறுத்துவிடுவார்கள். யோசித்தாள். மண்டபத்து மூலையில் எலி ஓடியது. அவள் முகம் தெளிந்தது.

தீர்ப்புச் சொல்ல மேலிடத்திலிருந்து நடுவர் சாதனாகா குதிரையில் வந்தார். ஊரே கூடியது. கடிபட்ட துணியைப் பார்த்தார். "வேறென்ன வேண்டும்? தீயை எடுத்து வாருங்கள்" என்றார்.

தோராமே தரையில் நெற்றி பட விழுந்தாள். "எசமான், ஒரே ஒரு வார்த்தை. நானும் சத்தியம் பண்ணுனேன், மணியக்கார ஐயாவும் சத்தியம் பண்ணுனாரு. என்னைச் சோதிச்ச சாமி அவரையும் சோதிக்கட்டுமே. சாமிக்குப் பெரியவர் சின்னவர் உண்டா?"

கூட்டம் முணுமுணுத்தது. இத்தனை பேர் எதிரில் உண்டு என்று சொல்ல நடுவருக்கே வாய் வரவில்லை. "சரி, மொரிகாகே, நீயும் போ" என்றார்.

மணியக்காரன் முகம் வெளுத்தது. "போறேனுங்க. வீட்டுக்குப் போய் வேற துணி மாத்திட்டு வந்துடுறேன்."

"நான் நின்ன உடையோட போனேன் எசமான்" என்றாள் தோராமே.

அவனும் நின்ற உடையோடு போனான். வாசலில் இரண்டு காவலர் நின்றார்கள்.

மூன்று நாள் தேவைப்படவே இல்லை. அடுத்த காலையில் கதவைத் திறந்தால், தோராமேயே கஞ்சி போட்டுத் தட்டித் தந்த அந்த மொடமொடப்பான அங்கி கந்தலாகத் தொங்கியது. கைத்துணியில் ஒரு சாண் காணோம். எலிகளுக்கு விருந்து!

"பொய்ச் சத்தியம்!" என்று ஊர் அலறியது.

"சாமியுமில்ல, பூதமுமில்ல!" என்று மொரிகாகே கத்தினான். "இது கஞ்சி! கஞ்சி போட்ட துணின்னா எலி கடிக்கத்தான் செய்யும்! இதுகூடவா தெரியாது உங்களுக்கு?"

தோராமே எழுந்து நின்றாள். இரண்டு கைகளையும் நடுவரிடம் நீட்டினாள். "தொட்டுப் பாருங்க எசமான். இந்தக் கையில கஞ்சி இல்ல, இந்தக் கையில இருக்கு. இவர் தடவிக்குடுத்த கையில மட்டும் கஞ்சி எப்படி வந்துச்சு? எலிக்கு எது பிடிக்கும்னு இவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கே!"

மணியக்காரன் கந்தலை இழுத்துப் போர்த்தினான். அவள் விடவில்லை. "அந்தக் கந்தலுக்குள்ள வெள்ளையா தெரியுதே, அது என்னன்னு பூசாரியைப் பார்க்கச் சொல்லுங்க."

பூசாரி குனிந்து பார்த்தார். எலி திறந்துவிட்ட ஓட்டையில் வெள்ளைப் பட்டு தெரிந்தது. ஓரத்தை வெட்டி எறியக்கூட அந்தப் பேராசைக்காரனுக்கு மனம் வரவில்லை. சிவப்பு இழைகளைப் பூசாரி விரல் வைத்து எண்ணினார்: ஒன்று, இரண்டு, மூன்று.

மொரிகாகேயின் வாளைப் பிடுங்கினார்கள். வேலையைப் பறித்தார்கள். அவன் வீட்டைக் கொளுத்தினார்களா? இல்லை. அது நல்ல தேவதாருவில் கட்டிய வீடாம், அடுத்து வரும் மணியக்காரனுக்கு வேண்டுமாம். நியாயத்தைப் பார்த்தீர்களா!

நடுவர் பெருமையாகத் தொண்டையைச் செருமினார். "சாமி நீதி வழங்கிவிட்டது. பெண்ணே, உன் வீடு தப்பியது. நீ போகலாம்."

தோராமே போகவில்லை. எதிரே கிடந்த கரிமேடுகளைக் கை நீட்டிக் காட்டினாள்.

"எசமான், அந்தக் குயவன் துணியையும் எலிதான் கடிச்சுது. விறகுக்காரி துணியையும் எலிதான் கடிச்சுது. கூடைக்காரன் துணியையும் எலிதான் கடிச்சுது. அவங்க கையைத் தடவுனது யாருன்னு அன்னைக்கு யாராவது கேட்டீங்களா? அவங்க இப்ப எந்தப் பனியில கிடக்கிறாங்க?"

நடுவர் குதிரையில் ஏறினார். கூட்டத்தில் ஒருவரும் தலை நிமிரவில்லை. அந்த மூன்று வீட்டுக்கும் தீ எடுத்து வந்தவர்கள் அவர்கள்தானே.

ஆகையால், கேட்டவர்களே, எளியவர் மேல் பழி விழும்போது, பழி சுமந்தவரின் துணியைப் பார்ப்பதற்கு முன்னால் பழி போட்டவனின் அங்கியைப் புரட்டிப் பாருங்கள்.